கட்டைச் செருப்புப் பட்டாளம்

லாங்கா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்தவன் கழற்றாமல், குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வரிசை பட்டாளச் சாமான் கிட்டங்கி வாசலைத் தாண்டி மைதானம்வரை நீண்டு கிடந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஜனவரிக் காற்று எல்லார் காதையும் கடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்த சார்ஜெண்ட் ரெபேலோ, கோணிப்பையின் வாயைக் காலால் விரித்துக் காட்டினார்.

"என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிற? கழட்டிப் போடு. அடுத்தவன் வரணும்."

லாங்கா கழற்றினான். அவன் குதிகால்களில் குளிர்வெடிப்பு ஆழமாக ஓடியிருந்தது. மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்து வைத்திருந்தான். சிமெண்டுத் தரையில் கால் பட்டதும் தோள்பட்டைவரை ஒரு நடுக்கம் போய் வந்தது. பூட்ஸைக் கோணிப்பைக்குள் வீசாமல், ஏதோ குழந்தையை இறக்கிவிடுவதுபோல இறக்கி வைத்தான்.

மேசையின் மறுபக்கம் நின்று பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் கார்ப்பரல் பெனியாஸ் நியாந்தும்போ. அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்கு முன் அவன் ஒரு நொடி லாங்காவின் கால்களைப் பார்த்தான். பிறகு "முயாங்கா!" என்று சத்தமாகக் கூப்பிட்டான்.

வடக்கே சீனாவில் செஞ்சேனை வென்று, மக்காவுவின் எல்லை வாசலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது, போர்த்துக்கல்காரர்கள் மொசாம்பிக்கிலிருந்து அவசர அவசரமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அணி இது. வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லை வாசல் காவல் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நகரத்துக்குள் சூதாட்ட விடுதி வாசலிலும் ஆளுநர் மாளிகையிலும் நின்றார்கள். இவர்கள் சேற்று வயலைப் பார்த்தபடி, எதிரே நிற்கும் சீனச் சிப்பாயின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார்கள். அப்போதெல்லாம் பூட்ஸ் இருந்தது. துப்பாக்கியும் பூட்ஸும் வேண்டியவர்களாகத்தான் அரசாங்கம் இவர்களைப் பார்த்தது.

முயாங்கா வாட்டசாட்டமான ஆள். வாயும் அதே அளவு பெரியது.

"எதுக்கு வாங்குறீங்கன்னு கேட்டா தப்பா, சார்ஜெண்ட்? தைக்கவா, விக்கவா?"

"லிஸ்பன்லேருந்து ஜெனரல் வர்றார். அணிவகுப்பு. படம் புடிக்கிற ஆளும் கூடவே வர்றான். நீங்க சிவப்புக் குல்லா போட்டு, அந்தக் காலத்துல மாதிரி வெறுங்காலோட போகணுமாம். ஜெனரலுக்கு அப்படிப் பார்க்கத்தான் புடிக்குமாம். அப்பதான் ஆப்பிரிக்கா மாதிரி இருக்குமாம்."

"அப்ப ஜெனரலை ஆப்பிரிக்காவுக்கே போகச் சொல்றது. இங்க எதுக்குக் குளிர்ல வந்து சாகுறாரு?"

வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ரெபேலோவுக்கும் உதடு துடித்தது. அவர் அதைத் திட்டாக மாற்றிக்கொண்டார். மதியத்துக்குள் கோணிப்பைகள் நிறைந்துவிட்டன.

அன்று சாயங்காலம் கேப்டன் வில்லேனா பெனியாஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. கேப்டன் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கை நீட்ட மாட்டார். சிப்பாய்களின் பெயர்களைத் தெரிந்து வைத்திருந்தார். காய்ச்சல் கண்டவனுக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். ஆனால் அவர் பேசும்போது எப்போதும் எதிரே நிற்பவனின் தலைக்குச் சற்று மேலே, சுவரில் தொங்கும் படத்தைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை இருக்கும்.

"பெனியாஸ், நீ பூட்ஸ் குடுக்க வேண்டாம். நீ கார்ப்பரல். முன்னாடி போற ஆள் கம்பீரமா இருக்கணும். நீ பூட்ஸ் போட்டுக்கிட்டே போ."

"ஆகட்டும், கேப்டன் ஐயா."

"இன்னொண்ணு. இந்தக் கோடையோட உன் சேவை முடியுது. உங்க மொசாம்பிக்குல, லோரென்சு மார்க்கேஷ் ரயில்வேயில குமாஸ்தாவுக்குக் கீழ ஒரு இடம் இருக்கு. ஜெனரலோட தம்பிதான் அங்க பெரிய ஆள். அணிவகுப்பு நல்லபடியா முடிஞ்சா நானே ஜெனரல்கிட்ட உன்னைப் பத்திச் சொல்றேன். குமாஸ்தா மேசைக்கு வர்ற முதல் கறுப்பன்கள்ல நீ ஒருத்தனா இருப்பே. புரியுதா?"

புரிந்தது. சொந்த ஊரான ஷாய்ஷாயில் அவனைக் கட்டிக்கொள்ள செலினா மூன்றாவது மழைக்காலமாகக் காத்திருந்தாள். அவள் அப்பா வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டதாகச் சேதி வந்திருந்தது. ரயில்வே வேலை என்றால் அந்தப் பேச்சே எழாது. லோரென்சு மார்க்கேஷில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வீடு, வெள்ளைச் சட்டை, மேசை. கால் நீட்டி வைத்துக்கொள்ள மேசைக்கடியில் இடம். பெனியாஸ் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தான். படிகளில் இறங்கும்போது தன் பூட்ஸ் எழுப்பும் ஓசை அவனுக்கே கேட்டது. அது பிடித்திருந்தது என்பதை அவனால் மறைத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை ஒத்திகை. புல்லின்மேல் பனித்துளி வெள்ளையாகப் படிந்திருந்தது. மைதானத்தில் புதிதாகச் சரளைக்கல் கொட்டியிருந்தார்கள். அணி சிவப்புக் குல்லாவும் காக்கி உடுப்புமாக வெறுங்காலோடு நின்றது. பெனியாஸ் முன்னால் நின்று கட்டளை கொடுத்தான். அணி நகர்ந்தது.

அப்போதுதான் அது அவனுக்குக் கேட்டது. இத்தனை பேர் நடக்கிறார்கள், ஆனால் சத்தம் ஒன்றுதான். அவன் சத்தம் மட்டும்தான். டக், டக் என்று ஒற்றை ஆளாக அவன் போய்க்கொண்டிருக்க, அவனுக்குப் பின்னால் ஓசையே இல்லாமல் ஒரு கூட்டம். திரும்பிப் பார்க்காவிட்டால் பின்னால் யாருமே வரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும் மாடுகளுக்காவது குளம்பு இருக்கிறது என்று தோன்றியது.

அவன் அப்பா சாலை போடப் போன கதை நினைவுக்கு வந்தது. கூலி கிடையாது, பிடித்துக்கொண்டு போனார்கள். கொளுத்தும் தார்ச்சாலை ஓரமாக வெறுங்காலோடு வரிசையாகக் கல் சுமந்தவர்களுக்கு முன்னால், அவர்களுடைய சொந்த ஜாதிக்காரன் ஒருவன் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு பிரம்போடு நடப்பானாம். அந்த ஆளின் பெயரை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. 'பூட்ஸ்' என்றுதான் சொல்வார். "பூட்ஸ் வந்தான். பூட்ஸ் அடிச்சான். பூட்ஸ் செத்துப்போனப்ப எவனும் புதைக்கப் போகலே."

ஓய்வு கொடுத்ததும் முயாங்கா பக்கத்தில் வந்தான். உள்ளங்காலைத் தூக்கி ஒரு சரளைக்கல்லைப் பிடுங்கி எறிந்தான்.

"கார்ப்பரல் ஐயா நல்லா நடந்தீங்க. உங்க பூட்ஸ் சத்தம் இருக்கப் போயித்தான் எங்களுக்குக் கால் மாத்தத் தெரிஞ்சுது. இல்லேன்னா நாங்க ஆட்டுக்குட்டிங்க மாதிரி தாறுமாறா ஓடியிருப்போம்."

"ஐயான்னு கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிட? நேத்துவரைக்கும் அண்ணேன்னு கூப்பிட்டேன். நேத்து உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கால்."

லாங்கா மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து குதிகாலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெழுகு பெயர்ந்து, வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து ஈரப் புல்லில் சின்னச் சின்னக் கறையாக இறங்கியிருந்தது. சார்ஜெண்ட் ரெபேலோ அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரொம்ப அலட்டாதீங்கடா" என்றார் யாரையும் பார்க்காமல். "எங்க மலைக்கிராமத்துல நானும் பட்டாளத்துக்கு வர்ற வரைக்கும் வெறுங்கால்தான். பனியில ஆடு மேய்ச்சிருக்கேன். செத்தா போயிட்டேன்?"

"இப்ப கழட்டுவீங்களா, சார்ஜெண்ட்?" என்றான் பெனியாஸ்.

அவன் குரல் உயரவில்லை. கேள்வி கேட்டான், அவ்வளவுதான். ரெபேலோ அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு கிட்டங்கிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

சமையற்கட்டுக்குக் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும் கைவண்டியோடு அன்று பெனியாஸே கிளம்பினான். மனசு சரியில்லாதபோது அவனுக்கு நடக்க வேண்டும். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெரு முழுக்கக் குட்டி ஆரஞ்சு காய்த்த கும்குவாட் செடிகள் நின்றன, சிவப்புத் தாள்களும் காய்ந்த வாத்துகளும் தொங்கின. மீன்கடைச் சந்தின் ஈரக்கல்லில் பெண்கள் போகும்போதும் வரும்போதும் கட்டைச் செருப்புகள் கடகடவென்று பேசின. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். இன்று அவன் வண்டியை நிறுத்திவிட்டு நின்று கேட்டான்.

சந்து முனையில் லேய் சாமின் செருப்புக்கடை. சாம் என்றால் சித்தி. அக்கம்பக்கத்தார், போலீஸ்காரர்கள், பட்டாளத்தார் எல்லாருக்கும் அவள் லேய் சித்திதான். புருஷன் யுத்தப் பஞ்சத்தில் செத்த பிறகு அவளே ரம்பமும் உளியும் பிடித்தாள். கடைக்குள் கூரைவரை மரச்செருப்புகள் கோத்துத் தொங்கின. சிவப்புச் சாயம் பூசியவை, பூ வரைந்தவை, ஒன்றும் பூசாமல் வெறும் மரமாகவே இருந்தவை. மேல்வாருக்கு ரிக்ஷா டயரை அறுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருப் போர்த்துக்கீசில் அவள் சரளமாகத் திட்டுவாள்.

"என்ன சிப்பாய்த் தம்பி, முட்டைக்கோசு எங்க கடையிலயா விக்கிறோம்? வழி மறிச்சு வண்டிய நிறுத்தியிருக்கியே!"

"இது என்னோட காலுக்குச் சேருமா, லேய் சித்தி?"

அவள் எட்டி அவன் பூட்ஸைப் பார்த்தாள். "உனக்குத்தான் அரசாங்கமே தோல்ல செஞ்சு குடுத்திருக்கே. அப்புறம் கட்டை எதுக்கு?"

பெனியாஸ் சொன்னான். பூட்ஸ் வாங்கிக்கொண்டது, ஜெனரல், படம் பிடிப்பவன், வெறுங்கால், எல்லாம் சொன்னான். சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் அன்று இருக்க முடியவில்லை. அவள் ஆணி அடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில் வாயிலிருந்த ஆணியைத் துப்பினாள்.

"ஜப்பான்காரன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்துல, அவன் முன்னாடி எங்க ஆளுங்க குனிஞ்சு போகணும். செருப்பக் கையில எடுத்துக்கணும். எங்க வீட்டுக்காரர் எடுக்கலே. பல்லு போச்சு. ஆனா செருப்பு கால்லயேதான் இருந்துச்சு." அவள் எழுந்து கூரையிலிருந்து ஒரு கோவையை இறக்கினாள். "எத்தனை பேர்?"

"எல்லாரும்."

"உங்க காலு ஒவ்வொண்ணும் ஓடம் மாதிரி இருக்கும். குதிகால் வெளியில தொங்கும். தொங்கட்டும், கட்டையை அப்படித்தான் போடணும். விரலால கவ்விக்கணும். கவ்வலேன்னா பறந்துடும்."

"சம்பளம் வந்ததும்…"

"போடா. ஊர்வலம் பெரிய தெரு வழியாத்தானே போகுது? எங்க கடைச் சரக்கு பெரிய தெருவுல, வாத்தியத்தோட, ஜெனரல் முன்னாடி நடந்து போகுது. இதைவிட எனக்கு என்ன வேணும்? யாராவது கேட்டா, லேய் சித்தி கடைச் சரக்குன்னு சொல்லு." சொல்லிவிட்டுத் தானே வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அவன் முகத்தைப் பார்த்தாள். "உன்னை என்ன செய்வாங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ற ஆளு தெரிஞ்சுதான் சொல்றான்" என்றாள் அவள்.

முட்டைக்கோசுக்கு அடியில் கட்டைகள் முகாமுக்கு வந்தன. ஒரே நாளில் அல்ல, காய்கறி வாங்கப் போன நாட்களிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. சமையல்காரன் கூடைகளை விறகுப் புரைக்குள் நேராகத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான். ஒருநாள் சார்ஜெண்ட் ரெபேலோ வண்டியருகே வந்து ஒரு முட்டைக்கோசைத் தூக்கிப் பார்த்தார். கீழே சிவப்புச் சாயம் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். முட்டைக்கோசைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். "கோசு பழசா இருக்கு. அடுத்த தடவை நல்லதா பாத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முயாங்காவிடம் பெனியாஸ் விஷயத்தைச் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை.

"அண்ணே, உங்களுக்கு ரயில்வே வேலைன்னு பேச்சு அடிபடுதே."

"அடிபட்டா படட்டும்."

"போயிடும்."

"போகும்."

முயாங்கா ஒரு கட்டையை எடுத்துக் காலில் மாட்டி, விறகுப் புரையின் கல்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினான். தோட்டா வெடித்த மாதிரி சத்தம். இரண்டு பேரும் திடுக்கிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அணிவகுப்பன்று வானம் சாம்பலாக இருந்தது. பெரிய தெருவின் இரு பக்கமும் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மாடிகளிலும் ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. முதலில் வாத்தியக் குழு, அடுத்து பீரங்கிப் படை, அடுத்து போர்த்துக்கல் சிப்பாய்கள், கடைசியாக ஆப்பிரிக்க அணி. வெறுங்காலோடு, தோளில் துப்பாக்கியும் முதுகில் தோள்பையுமாக அவர்கள் குன்றிலிருந்து இறங்கி வந்தார்கள். கூட்டத்தில் சிலர் கால்களைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். தெரு வளைவில், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், முன்னால் போன படை வளைவைக் கடக்கும்வரை அணி நிற்க வேண்டியிருந்தது. பிறகு தெருவில் நடந்த ஒத்திகையிலும் அங்கேதான் நின்றார்கள். மேடை அந்த வளைவுக்கு அப்பால்தான்.

பெனியாஸ் முன்னால் வந்து அணியைப் பார்த்து நின்றான். கட்டளைகள் எல்லாம் போர்த்துக்கீசில்தான் கொடுக்க வேண்டும். அவன் தன் சொந்த மொழியில், அம்மா சாப்பிடக் கூப்பிடும் மொழியில் கொடுத்தான்.

"தம்பிங்களா, போட்டுக்குங்க."

அணி ஒரே ஆளாகக் குனிந்தது. தோள்பைகள் திறந்தன. கட்டைகள் கல்லில் விழும் சத்தம் மழைக்கு முன் விழும் ஆலங்கட்டிபோல எழுந்தது. பெனியாஸ் கோயில் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். இரண்டையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். காலில் ஏறிய குளிரைச் சட்டை செய்யாமல், சாயம் பூசாத வெறும் மரக்கட்டைகளுக்குள் விரல்களை நுழைத்துக் கவ்விக்கொண்டான். எழுந்து நின்றபோது கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

"முன்னால்… நட!"

அந்தச் சத்தத்தைப் பற்றி அங்கிருந்தவர்கள் நெடுங்காலம் பேசினார்கள். பெரிய தெருவின் கல்தளம், இரு பக்கமும் நெருங்கி நின்ற மாடி வீடுகள், நடுவே அத்தனை மரக்கட்டைகள் ஒரே தாளத்தில். வாத்தியக் குழுவின் டிரம் அதற்குள் எங்கோ மூழ்கிப்போனது. கூட்டம் முதலில் மூச்சடைத்து நின்றது. பிறகு ஒரு கிழவர் சிரித்தார். அடுத்து ஒரு பெண். கேலிச் சிரிப்பு அல்ல அது. தங்கள் சந்துச் சத்தம், மீன்கடைச் சத்தம், சமையலறைச் சத்தம், ஜெனரலைப் பார்க்கப் பெரிய தெரு வழியாக நெஞ்சை நிமிர்த்திப் போவதைக் கண்டவர்களின் சிரிப்பு. யாரோ கை தட்டினார்கள். அது தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது.

சார்ஜெண்ட் ரெபேலோ வரிசையின் ஓரமாக ஓடி வந்தார். "பைத்தியக்காரனுங்களா! நாசமாப் போறவனுங்களா! நில்லுங்கடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சபித்தார். ஆனால் ஜெனரலின் மேடைக்கு எதிரே அணியை நிறுத்துவது அதைவிடப் பெரிய கேவலம் என்று அவருக்கே தெரியும். கொஞ்ச தூரம் ஓடியவர், ஓடிய வேகத்தில் அந்தத் தாளத்துக்குள் சிக்கிக்கொண்டார். கால் தானாக ஒத்துப் போயிற்று. சபித்தபடியே கூட நடந்தார்.

முயாங்காவின் இடது கால் கட்டை பறந்துபோய்க் கூட்டத்துக்குள் விழுந்தது. அவன் பார்வையைத் திருப்பாமல் ஒற்றைக் கட்டையோடு நடந்தான். ஒரு கால் டக், ஒரு கால் தப். லாங்கா தடுமாறவே இல்லை. முதல் நாளிலிருந்து விறகுப் புரையில் பழகியிருந்தான்.

மேடையில் ஜெனரல் எழுந்து நின்றிருந்தார். வெள்ளை மீசை, மார்பு நிறையப் பதக்கம். அவர் கை சல்யூட்டுக்குப் பாதி உயர்ந்து அங்கேயே நின்றது. பக்கத்தில் கேப்டன் வில்லேனாவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. பெனியாஸ் முறைப்படி தலையைத் திருப்பி, முறைப்படி சல்யூட் வைத்தான். இந்தத் தடவை கேப்டன் அவன் தலைக்கு மேலே பார்க்கவில்லை. படம் பிடிப்பவன் மட்டும் தன் வேலையை விடவில்லை. மேடையிலிருந்து குதித்து, தரையில் முழங்கால் போட்டு, அவர்கள் கால்களுக்கு நேராகக் கேமராவை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அணிக்கு வெளியே போகும் அனுமதி ரத்து. கட்டைகள் விறகோடு விறகாக எரிக்கப்பட்டன. பெனியாஸின் சட்டைக்கையிலிருந்த கார்ப்பரல் பட்டையைக் கேப்டன் தானே கத்தரிக்கோலால் வெட்டினார்.

"அணிக்குப் பூட்ஸ் கூடாதுன்னு உத்தரவு குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க. யாரும் பூட்ஸ் போடலே, கேப்டன் ஐயா."

கோயில் படியில் வைத்த பூட்ஸ் காணாமல் போயிருந்தது. அரசாங்கச் சொத்தைத் தொலைத்த குற்றத்தையும் சேர்த்து எழுதினார்கள். நகரத்துக்கு நடுவே இருந்த மலைக்கோட்டையில், பீரங்கி மேடைக்குக் கீழே இருந்த சிறையறையில் அவனை அடைத்தார்கள்.

சில நாள் கழித்து விசாரணை. கேப்டனோடு ஒரு மேஜரும் வந்திருந்தார். அவர் தலைமையகத்து ஆள். மெதுவாக, இனிமையாகப் பேசினார். பெனியாஸுக்கு நாற்காலி போடச் சொன்னார். சிகரெட் கொடுத்தார்.

"பெனியாஸ், உன்மேல கேப்டனுக்கு இன்னும் நல்ல எண்ணம்தான். நீ நல்ல பையன். இது உன் வேலையில்லேன்னு எங்களுக்குத் தெரியும். அந்தச் செருப்புக்கடைச் சீனப் பொம்பளை இருக்காளே, அவ அண்ணன் பசங்க எல்லைக்கு அந்தப் பக்கம் செஞ்சேனையில இருக்காங்க. அவங்க தூண்டி, அவ சொல்லிக் குடுத்து, நீ ஏமாந்துட்டே. அப்படித்தானே?"

பெனியாஸ் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்திருந்தான்.

"அப்படின்னு சொல்லிட்டா?"

"பட்டை திரும்ப வந்துடும். ரயில்வே விஷயமும் கேப்டன் பாத்துக்குவார்."

"லேய் சித்திய?"

"அது உனக்கு வேண்டாத விஷயம். எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுவோம். அவ ஆளுங்ககிட்டயே போய்ச் சேரட்டும்."

கேப்டன் வில்லேனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பெனியாஸுக்குச் செலினா நினைவு வந்தது. அவள் முகம் உடனே வரவில்லை. கை மட்டும் வந்தது, சோளம் இடிக்கும்போது உலக்கையைக் காற்றில் விட்டுப் பிடிக்கும் கை. வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. மேசை வந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னதும் தனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று அவனுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பு வந்தது.

"மேஜர் ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் தலைக்குள்ள சொந்தமா ஒரு யோசனை வரும்னு நம்ப உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கா?"

மேஜரின் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"செஞ்சேனை சொல்லித் தரணும், சீனப் பொம்பளை சொல்லித் தரணும். நாங்களா யோசிக்க மாட்டோம். கால் குளிர்றதுகூட எங்களுக்கு வெளியாளு சொன்னாத்தான் தெரியும். இல்லையா?" அவன் எழுந்தான். "நான்தான் யோசிச்சேன். நான்தான் கட்டை கேட்டேன். கட்டளையும் நான்தான் குடுத்தேன், என் பாஷையில. அவ செருப்பு விக்கிறவ. செருப்பு வித்தா. அவ்வளவுதான்."

"உட்காரு."

"நின்னுக்கிட்டே இருக்கேன்."

"அப்ப தீமோர் தீவுக்கு" என்றார் மேஜர். இனிமை போய்விட்டிருந்தது. "அடுத்த கப்பல்ல. அங்க கல்லுடைக்கிற இடத்துல நல்லா யோசிக்க நேரம் கிடைக்கும்."

"யோசிக்கிறேன்" என்றான் பெனியாஸ்.

வெளியே போகும்போது கேப்டன் வில்லேனா வாசலில் தயங்கினார். "நான் உனக்கு நல்லது செய்யத்தான் நெனச்சேன், பெனியாஸ்" என்றார். அது பொய்யில்லை என்று பெனியாஸுக்குத் தெரியும்.

மறுநாள் சிறையறைக் காவலுக்கு லாங்கா வந்தான். கைதியோடு பேசக் கூடாது என்று உத்தரவு. அவன் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கோட்டைச் சுவரோடு பேசினான்.

"ஹாங்காங் பேப்பர்ல நம்ம கால் படம் வந்திருக்காம். பெரிசா போட்டுச் சிரிச்சிருக்கானுங்க. ஆளுநர் மாளிகையில கொதிச்சுப் போயிட்டாங்களாம். நேத்து கோணிப்பையைத் தலைகீழா கொட்டி பூட்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்கு வேற எவனோடதோ வந்திருக்கு. இடதுகால் இறுக்குது."

"பழகிடும்."

"லேய் சித்தி கடையை ரெண்டு தடவை புரட்டிப் பாத்தாங்களாம். ஒண்ணும் கெடைக்கலே. திரும்பவும் திறந்துட்டா." துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றினான். "முயாங்கா சொல்லச் சொன்னான். உங்களைத் தீமோர்க் கப்பல்ல ஏத்துற அன்னைக்கு, வழியனுப்ப வசதியா, துறைமுகக் காவலுக்கு நம்ம ஆளுங்களைப் போடச் சொல்லி சார்ஜெண்ட் ரெபேலோகிட்ட கேட்டிருக்கான். அவர் திட்டினாராம். ஆனா முடியாதுன்னு சொல்லலையாம்."

பெனியாஸ் உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் கம்பிகளைப் பிடித்து ஏறி வெளியே பார்த்தான்.

கீழே நகரம் முழுக்கப் புத்தாண்டு. தெருத்தெருவாகச் சரவெடிகள் வெடித்துக்கொண்டிருந்தன. புகை கூரைகளின் மேல் மூடுபனி மாதிரி நின்றது. வெடித்துச் சிதறிய சிவப்புத் தாள்களைக் காற்று அள்ளிக்கொண்டு மேலே வந்தது. அவை மதிலைத் தாண்டி, பீரங்கிகளைத் தாண்டி, கோட்டை முற்றத்தில் விழுந்தன. முற்றத்தில் ஒரு போர்த்துக்கல் சிப்பாய் துடைப்பத்தோடு நின்றான். யாரோ அதிகாரி பெருக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவன் ஒரு மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தான். பெருக்கிய இடத்தில் அடுத்த சரம் வெடித்து, அடுத்த காற்று வந்து, மறுபடியும் சிவப்பு. அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான், கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான், மறுபடி பெருக்கினான். தாள்கள் அவன் தொப்பியின் மேல் விழுந்தன, தோளில் விழுந்தன, கொடிக்கம்பத்தின் அடியில் குவிந்தன.